பாரமானியும் மாதிரியும்: திருவனந்தபுரத்தின் கடந்த காலநிலையை மீட்டெடுத்தல்

கடந்த காலநிலையை அறிவதற்கு, சிதறிக் கிடக்கும் பழைய அளவீடுகளையும், வளிமண்டலம், கடல், நிலம் ஆகியவற்றின் இயக்கத்தை இயற்பியல் விதிகளின்படி கணிக்கும் புவி அமைப்பு மாதிரிகளையும் இணைக்கும் முறை ‘மறுபகுப்பாய்வு’ எனப்படுகிறது. வெப்பமண்டலக் கடற்கரை நகரங்களைப் பொறுத்தவரை, இவ்வாறு பெறப்படும் சித்திரத்தின் நம்பகத்தன்மை மாதிரியின் நுணுக்கத்தைவிட, பழைய பதிவேடுகளில் அளவுடன் குறிக்கப்பட்ட நேரம், உயரம், கருவி ஆகிய விவரங்களையே பெரிதும் சார்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1836 முதல் 2015 வரையிலான காலத்தை உள்ளடக்கிய ‘இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வு’ மூன்றாம் பதிப்பில், சற்றே வேறுபட்ட தொடக்க நிலைகளைக் கொண்ட 80 கணிப்புகள் இணையாக இயக்கப்படுகின்றன; அவை ஒன்றோடொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதே மாதிரியின் ஐயத்துக்கு அளவாகிறது. அந்த ஐயம் மிகுந்த இடத்தில் அளவீட்டுக்கும், குறைந்த இடத்தில் கணிப்புக்கும் கூடுதல் எடை தரப்படுகிறது. கடற்பரப்பின் வெப்பநிலை முன்கூட்டியே அளிக்கப்படுவதால், வளிமண்டலத்திலிருந்து இதில் ஏற்கப்படும் அளவீடு காற்றழுத்தம் ஒன்றே.

சுவாதித் திருநாள் மன்னர் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகம், ஜான் கால்டிகாட்டின் பொறுப்பில் 1837இல் பணியைத் தொடங்கியதால், மேற்கண்ட காலத்தின் வாயிலிலேயே நிற்கிறது. அது அமைந்துள்ள குன்று கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுடையது. எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் குறையும் என்பதால், உயரத் திருத்தம் செய்யப்பட்டதா என்பது தெரியாத பாரமானி அளவில் ஏழு மில்லிபார் பிழை மறைந்திருக்கலாம். மேலும், வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலையிலும் இரவிலும் பத்து மணியளவில் உயர்ந்தும், நான்கு மணியளவில் தாழ்ந்தும், நாளுக்கு இருமுறை ஏறக்குறைய மூன்று மில்லிபார் அளவுக்கு ஊசலாடுகிறது. அமைதியான பருவத்தில் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சிறியது. எனவே உள்ளூர் நேரத்தை, அதைவிட ஐந்து மணி எட்டு நிமிடம் பின்தங்கிய கிரீன்விச் நேரமாகப் பிறழக் கொண்டால், இல்லாத தாழ்வழுத்தம் ஒன்று மாதிரிக்குள் புகுந்துவிடும். அக்கால வானியலாளர் நாளை நண்பகலிலிருந்து எண்ணும் வழக்கமும் கொண்டிருந்தனர். அதனால் நேரும் பன்னிரண்டு மணிநேரப் பிறழ்ச்சி இன்னும் கொடியது. ஏனெனில் ஊசலாட்டம் அப்போதும் சரியாகப் பொருந்துவதுபோலவே தோன்றும், தேதியோ மாறியிருக்கும்.

மழையின் நிலை வேறு. இம்மறுபகுப்பாய்வில் மழைமானி அளவுகள் சேர்க்கப்படுவதில்லை. அது காட்டும் மழை, மாதிரி தானே கணித்தது. அதன் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 75 கிலோமீட்டர் அகலமுடையது என்பதால், கடற்கரையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஏறத்தாழ ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. சில மணிநேரக் கனமழையிலேயே நீர் தேங்கும் தம்பானூர், பழவங்காடி, கிழக்கேகோட்டைப் பகுதிகளின் வடிகால்களுக்கு, 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் சீரமைப்புப் பணி மேற்கொள்ளப்பட்ட அவ்வடிகால்களுக்கு, இத்தகைய கணிப்பிலிருந்து கொள்ளளவை வரையறுப்பது பொருந்தாது.

மாதிரிகள் நுண்மையடையும்போது இக்குறை தீரும் எனலாம். இந்தியப் பருவமழைக்கென உருவாக்கப்பட்ட மறுபகுப்பாய்வு 12 கிலோமீட்டர் கட்டத்தை எட்டியிருப்பது உண்மையே. ஆனால் அது செயற்கைக்கோள் அளவீடுகள் மலிந்த 1979இலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு, நுண்ணிய கட்டம் அளவீட்டின்மையை ஈடுசெய்யாது. ஐயத்தையே விரிவான படமாகக் காட்டும். தேக்கு மர ஆண்டு வளையங்கள் கேரளத்தின் வறண்ட ஆண்டுகளைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிக் காட்டினாலும், ஒரு மாலைநேரப் பெருமழையை அவற்றால் சொல்ல இயலாது.

மாதிரிக்குள் சேர்க்கப்படாமையே மழைப் பதிவேடுகளுக்கு நடுவர் தகுதியைத் தருகிறது: கேரளத்தின் 1924 ஜூலைப் பெருவெள்ளத்தை மாதிரி எந்த அளவுக்கு மீட்டெடுக்கிறது என்பதைச் சார்பின்றிச் சோதிக்க அவையே உதவும். ஆகவே பழைய ஏடுகளிலுள்ள எண்களை மட்டுமன்றி, அவற்றின் ஓரக் குறிப்புகளையும் எழுத்துப் பிசகாமல் மின்வடிவாக்கி அனைவருக்கும் திறந்துவைப்பது, மாதிரியை மேம்படுத்தும் பணிக்கு முந்திய கடமையாகும்.