பொலிசாரும் நாமும்

அண்மையில் ஓர் அம்மையார் வீங்கிய மணிக்கட்டுடன் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். கைப்பையைப் பறித்தவன் தள்ளிவிட்டதில் விழுந்தவர். இரண்டு நாட்களாகப் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. "பொலிசுக்குப் போனால் விசாவிலே பிழை வரும், தம்பி" என்றார்.

காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கிப் பழகிய நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். ஆகவே அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் இந்நாட்டுப் பொலிஸ் எவ்வாறு அமைந்தது என்பதை அறிந்தால் அச்சம் பாதியாகும்.

ஜேர்மனியரும் ஒருகாலத்தில் பொலிசுக்கு அஞ்சி வாழ்ந்தவர்களே. 1936 யூன் 17இல் நாட்டின் பொலிஸ் முழுவதும் ஹிம்லர் என்ற ஒரே மனிதரின் கீழ் வந்தது. அதன் விளைவை உலகம் அறியும். 1945இல் நாம் வாழும் இப்பகுதியை நிருவகிக்க வந்த பிரித்தானியர் அந்தப் பிடியை உடைத்தனர். பொலிசை உள்ளூர்க் குழுக்களின் மேற்பார்வையில் வைத்தனர். குடியிருப்புப் பதிவு, கட்டட அனுமதி போன்ற அலுவல்களைப் பொலிசிடமிருந்து பிரித்துப் பொது நிருவாகத்திடம் கொடுத்தனர். இன்று நாம் விசாவுக்குச் செல்லும் வெளிநாட்டவர் அலுவலகமும் பொலிசின் பகுதி அன்று.

1953இல் நோர்த்ரைன் வெஸ்ற்பாலியா மாநிலம் பொலிசைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஆயினும் அதிகாரம் மாவட்டந்தோறும் பகிரப்பட்டே இருக்கிறது. மாநிலத்தில் 47 மாவட்டப் பொலிஸ் பணிமனைகள் உள்ளன. அம்பாள் கோயில் கொண்டிருக்கும் ஹம் போன்ற 18 இடங்களில் மாநில அரசு நியமிக்கும் பொலிஸ் தலைவர் இருக்கிறார். அயலிலுள்ள ஊன்னா, சோஸ்ற், வாரண்டோர்ஃப் உட்பட 29 மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் மாவட்டத் தலைவரே பொலிசுக்கும் பொறுப்பாளர். எல்லோருக்கும் மேலே டுசில்டோர்ஃப் உள்துறை அமைச்சு.

ரோந்தும் அவசர உதவியும், குற்றப் புலனாய்வு, போக்குவரத்து என வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஹம் நகரில் கொலை நடந்தால் டோட்முண்ட் புலனாய்வாளர் வருவர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கால்நடையாகச் சுற்றி மக்களோடு பழகும் அலுவலர் உண்டு. உள்ளூர்ச் சபை தெரிவுசெய்யும் பொலிஸ் ஆலோசனைக் குழுவும் உண்டு. நம் குறைகளை அங்கே கூறலாம்.

வீட்டுக்குள் அடிபட்டு, "படியில் விழுந்தேன்" என்று சொல்லும் பெண்களையும் நான் பார்க்கிறேன். 2002 முதல் இம்மாநிலப் பொலிஸ் அடித்தவரை 10 நாட்களுக்கு வீட்டிலிருந்து வெளியேற்றலாம். வெளியேற வேண்டியவர் அடிபட்டவர் அல்லர். அழைக்க வேண்டிய எண் 110.

இலங்கையில் 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரம் தருவதாக எழுதியது. அது இன்றுவரை கைக்கு வரவில்லை. அங்கே நாம் கேட்டுக் கிடைக்காததை இங்கே கிடைத்தும் பயன்படுத்தாமல் இருக்கலாமா?

பத்திரங்கள் ஒழுங்காக உள்ளவர் முறைப்பாடு கொடுப்பதால் விசா கெடாது. இதைச் சொன்னதும் அந்த அம்மையார் சற்று யோசித்தார். அன்று மாலையே மகளுடன் பொலிஸ் நிலையம் சென்று வந்தார்.