ஆம்ஸ்டர்டாம் முதல் ட்ரோல்ஹேட்டன் வரை: பொதுமக்கள் முதலுதவிப் பயிற்சியின் வரலாற்றில் அவசர மருத்துவ ட்ரோன்கள்

ஆய்வுச் சுருக்கம்

திடீர் இதயநிறுத்தத்திற்கு ஆளானவரிடம் இதய அதிர்வூட்டியைக் கொண்டு சேர்க்கும் ட்ரோன், பெரும்பாலும் போக்குவரத்துத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே பேசப்படுகிறது. அக்கருவியைத் தரையில் பெற்றுக்கொள்ளும் மனிதர் யார், அவர் எவ்வாறு உருவானார் என்னும் வினாக்கள் அப்பேச்சில் அரிதாகவே எழுகின்றன. உயிர்மீட்பு அறிவு மருத்துவர் அல்லாதாரிடம் சென்று சேர்ந்த நெடிய வரலாற்றின் தொடர்ச்சியாக ஸ்வீடன் நாட்டின் ட்ரோன் முயற்சியை இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: முதலுதவி, இதயநிறுத்தம், நெஞ்சழுத்தம், இதய அதிர்வூட்டி, ட்ரோன், ஸ்வீடன்

முன்னுரை

2021 டிசம்பரில் ஸ்வீடன் நாட்டின் ட்ரோல்ஹேட்டன் நகரில், வீட்டு முற்றத்தில் பனியை அள்ளிக்கொண்டிருந்த 71 வயது முதியவர் இதயம் நின்று சரிந்து விழுந்தார். அவசர அழைப்பு சென்று மூன்று நிமிடங்களைச் சற்றே கடந்த நேரத்தில் எவர்ட்ரோன் நிறுவனத்தின் ஆளில்லா வானூர்தி ஒன்று இதய அதிர்வூட்டியை அங்கே இறக்கியது. ஆம்புலன்ஸ் வருமுன்னரே மின்னதிர்வு கொடுக்கப்பட்டு அவர் உயிர் பிழைத்தார். ட்ரோன் கொண்டுவந்த அதிர்வூட்டியால் ஒருவர் உயிர் மீண்ட முதல் நிகழ்வாக இது உலகெங்கும் அறிவிக்கப்பட்டது.

அச்செய்தியில் பலரும் விரைந்து கடந்து சென்ற ஒரு விவரம் உண்டு. அவ்வழியாகப் பணிக்குச் சென்றுகொண்டிருந்த மருத்துவர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி நெஞ்சழுத்தத்தைத் தொடங்கியிருந்தார். ட்ரோன் இறக்கிய கருவியைப் பயன்படுத்தியவரும் அவரே. அங்கே ஒரு மருத்துவருக்கு மாறாகப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இருந்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. இதற்கான விடையைத் தேட இரண்டரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

தொடுவதற்கான உரிமை

கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில் நீரில் மூழ்கி இறப்பது அன்றாட நிகழ்வு. 1767-ஆம் ஆண்டு அந்நகரில் மூழ்கியோரை மீட்பதற்கான சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. மீட்கும் முறைகளை அச்சிட்டுப் பரப்புவதும், மீட்டவருக்குப் பரிசும் பதக்கமும் அளிப்பதும் அதன் பணிகள். அம்முறைகளுள் சில இன்று நகைப்பை வரவழைக்கும். புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்துவது அக்காலத்தில் மதிக்கப்பட்ட சிகிச்சை. ஆயினும் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. வில்லியம் டோசக் என்னும் அறுவை மருத்துவர் 1732-இல் ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவரை அவ்வாறு உயிர்ப்பித்து, அதனை 1744-இல் எழுதி வெளியிட்டிருந்தார்.

முறைகளைக் காட்டிலும் முதன்மையானது, அச்சங்கம் எதிர்கொண்ட அச்சம். நீரிலிருந்து எடுக்கப்பட்ட உடலை அதிகாரி வரும்வரை அசைக்கக்கூடாது என்னும் நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருந்தது. தொட்டவர் மீதே பழி விழலாம் என அஞ்சினர். ஆகவே, கற்பிப்பதற்கு முன்னர் தொடுவது குற்றமன்று என உறுதியளிக்க வேண்டியிருந்தது. தாமஸ் கோகன், வில்லியம் ஹாஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1774-இல் லண்டனில் இதே நோக்கில் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் ராயல் ஹியூமேன் சொசைட்டி எனப் பெயர் பெற்றது அதுவே. கோகன் டச்சு ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்பது இவ்விரு முயற்சிகளின் தொடர்பைக் காட்டும்.

இவ்வச்சம் பதினெட்டாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோரைக் காவல்துறை விசாரணை என்னும் பெயரால் அலைக்கழிக்கலாகாது என இந்திய உச்சநீதிமன்றம் 2016-இல் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளிக்க நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134அ பிரிவின் வழி அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரையில் நின்றவரின் தயக்கத்திற்கும் நம் நெடுஞ்சாலையோரம் நின்றவரின் தயக்கத்திற்கும் இடையே மிகுந்த வேறுபாடு இல்லை.

வகுப்பறையில் முதலுதவி

1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயமுற்றோரை அருகிலிருந்த காஸ்டிக்லியோனே ஊர்ப் பெண்கள் பராமரித்ததைக் கண்ட ஹென்றி டுனான், 1862-இல் அதனை நூலாக எழுதினார். மறு ஆண்டில் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. டுனான் மருத்துவர் அல்லர், வணிகர். இது பரவலாக அறியப்பட்ட வரலாறாதலின் இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

பயிற்சியின் வரலாற்றில் இன்னும் முதன்மையானது, 1877-இல் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம். இராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டும் கர்னல் பிரான்சிஸ் டங்கனும் 1878-இல் லண்டனை அடுத்த வூலிச்சில் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்புகளைத் தொடங்கினர். காவலர், இருப்புப்பாதைப் பணியாளர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரிடையே இவ்வகுப்புகள் விரைவாகப் பரவின. அதே ஆண்டு செப்டம்பரில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் நீராவிப் படகு வூலிச்சுக்கு அருகே தேம்ஸ் ஆற்றில் மூழ்கி அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, புதிதாகப் பயின்றோர் களத்தில் இறங்கினர். ஷெப்பர்ட் 1879 ஜனவரியில் இசாண்டில்வானா போரில் கொல்லப்பட்டார். அவர் எழுதிய கையேடு அவர் மறைவுக்குப் பின் பரவலாயிற்று.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 'முதலுதவி' என்னும் நம் சொல்லில் உள்ள 'முதல்' ஒரு வரிசையைக் குறிக்கிறது. இரண்டாவதாக ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பு அதனுள் அடங்கியுள்ளது. கட்டுப்போட்டு, குருதியை நிறுத்தி, மருத்துவரிடம் ஒப்படைப்பதே ஷெப்பர்ட் கால வகுப்புகளின் எல்லை. இதயம் நின்றவருக்கு அந்த எல்லை பொருந்தாது. அவரைப் பொறுத்தவரை இரண்டாமவர் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

இரண்டு கைகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலை மாறியது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் சாஃபர், 1950-களின் இறுதியில் பால்டிமோரில் துணிச்சலான சோதனைகளை மேற்கொண்டார். தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்து, அவர்கள் தாமாக மூச்சுவிட இயலாத நிலையில், பயிற்சி பெறாத சாதாரண மக்களைக் கொண்டு வாய்வழி மூச்சூட்டச் செய்தார். இன்றைய ஆய்வறக் குழு எதுவும் இதற்கு இசைவு தராது. மருத்துவர் அல்லாதாராலும் இது இயலும் என்பதைச் சாஃபர் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டினார்.

அதே நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மற்றொரு கண்டுபிடிப்பு தற்செயலாக நிகழ்ந்தது. மின்பொறியாளர் வில்லியம் கூவென்ஹோவனின் ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்கு மின்னதிர்வு கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த கை நிக்கர்பாக்கர், அதிர்வுத் தகடுகளை நெஞ்சில் அழுத்தும்போதே குருதியழுத்தம் உயர்வதைக் கவனித்தார். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட்டும் இணைந்து மூவரும் 1960 ஜூலையில் வெளியிட்ட கட்டுரை, நெஞ்சைத் திறக்காமலேயே இதயத்தை இயக்கலாம் என்றது. இதனை எவரும் எங்கும் தொடங்கலாம், வேண்டுவன இரண்டு கைகளே என்பது அதன் சாரம். மின்னதிர்வுக் கருவியைத் தேடிப் புறப்பட்டவர்கள் கருவி தேவைப்படாத முறையொன்றைக் கண்டடைந்தனர்.

அதே 1960-இல் நார்வே நாட்டின் ஸ்டவாங்கரைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்மண்ட் லேர்டால் பயிற்சிக்கான 'ரெசஸி ஆன்' பொம்மையை உருவாக்கினார். செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்தவள் எனக் கருதப்பட்ட அடையாளம் தெரியாத பெண்ணின் முகவார்ப்பே அதன் முகமாயிற்று. ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் தொடங்கிய கதை வகுப்பறைத் தரையில் மீண்டும் மூழ்கியவரின் முகத்தோடு தோன்றுகிறது.

கருத்து பிறந்ததும் அது மக்களிடம் சென்றுவிட்டது எனக் கொள்வது பிழை. 1966-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் மாநாடு, நெஞ்சழுத்தப் பயிற்சியை மருத்துவத் துறையினருக்கும் அதனைச் சார்ந்த பணியாளருக்கும் உரியதாகவே பரிந்துரைத்தது. பயிலாதவர் கை தீங்கு விளைவிக்கும் என்னும் தயக்கம் அன்று வலுவாக இருந்தது. பொதுமக்களுக்கும் கற்பிக்கலாம் என்னும் நிலைப்பாடு 1973-இல் நடந்த மாநாட்டிலேயே உருப்பெற்று 1974-இல் வெளியாயிற்று. அதற்கு முன்பே சியாட்டில் நகரம் காத்திராமல் செயல்பட்டது. மருத்துவர் லியனார்ட் காபும் தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரியும் தொடங்கிய 'மெடிக் டூ' திட்டம், முதல் ஈராண்டுகளிலேயே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட குடிமக்களுக்குப் பயிற்சியளித்தது. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் அருகில் நிற்பவரை முந்த இயலாது என்னும் எளிய கணக்கே அதன் அடிப்படை. பொதுமக்களை நம்புவதா என்னும் வாதம் மாநாட்டு அரங்குகளைவிடத் தெருவிலேயே முதலில் தீர்ந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மருத்துவமனையை விட்டு வெளியேறிய கருவி

பெல்ஃபாஸ்டில் ஃபிராங்க் பேன்ட்ரிஜ் 1965-இல் ஆம்புலன்ஸில் ஏற்றிய அதிர்வூட்டி ஏறத்தாழ 70 கிலோ எடை கொண்டது. பின்னர்க் கருவி சுருங்கியது. இதயத் துடிப்பின் நிலையைத் தானே கணிக்கும் திறனும் பெற்றது. அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் பாதுகாவலர்கள் இக்கருவியைக் கையாண்டதைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடங்களுக்குள் முதல் அதிர்வு பெற்றவருள் 74 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் பெற்றவருள் 49 விழுக்காட்டினரே பிழைத்தனர். மீட்டவர்கள் சீருடைக் காவலர்களேயன்றி மருத்துவர்கள் அல்லர்.

ஆனால் இதயநிறுத்தங்களில் பெரும்பாலானவை வீடுகளிலேயே நிகழ்கின்றன. அதிர்வூட்டிகளோ விமான நிலையங்களிலும் வணிக வளாகங்களிலும் தொங்குகின்றன. இவ்விடைவெளியே ட்ரோனுக்கு வழி வகுத்தது.

வானிலிருந்து இறங்கும் கருவி

2014-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் அலெக் மொமோன்ட், அதிர்வூட்டியைத் தன்னுள் கொண்ட ட்ரோனின் முன்மாதிரியை உருவாக்கினார். களத்தில் இருப்பவரோடு பேசுவதற்கான வசதியும் அதில் இருந்தது. கருவியோடு அறிவுரையும் பறந்து வர வேண்டும் என அவர் கருதியது கவனத்திற்குரியது.

ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆண்ட்ரியாஸ் கிளாஸன் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே நோர்டேலியேயில் முன்னர் இதயநிறுத்தம் நிகழ்ந்த இடங்களுக்கு 18 முறை ட்ரோனைச் செலுத்தியது. ட்ரோன் சென்றடைந்த இடைநிலை நேரம் 5 நிமிடம் 21 விநாடி. அதே இடங்களுக்கு ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 22 நிமிடம். நெஞ்சழுத்தமோ அதிர்வோ கிட்டாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைவதாகக் கணிக்கப்படும் நிலையில் இவ்வேறுபாடு பெரிது. எனினும் அவ்வாய்வு அளந்தது ட்ரோன் தரையிறங்கும் நேரத்தை மட்டுமே. கருவி நோயாளியின் நெஞ்சில் ஒட்டப்படும் நேரத்தை அன்று. அதனை எடுத்துச்செல்ல அங்கு எவரும் இல்லை.

இம்முயற்சி ஸ்வீடனில் வேரூன்றியது தற்செயலன்று. அந்நாட்டில் பொதுமக்களுக்கான உயிர்மீட்புப் பயிற்சி 1980-கள் முதல் தொடர்ந்து நடைபெற்று, மக்கள்தொகையில் பெரும்பகுதியைச் சென்றடைந்திருந்தது. 30,381 நிகழ்வுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், ஆம்புலன்ஸ் வருமுன் சி.பி.ஆர். பெற்றோருள் 10.5 விழுக்காட்டினர் முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தனர். பெறாதோருள் அது 4 விழுக்காடு. அதே ஆண்டில் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வு, அருகிலுள்ள பயின்ற தன்னார்வலரைக் கைப்பேசி வழியே அழைத்தால் சி.பி.ஆர். தொடங்கப்படும் விகிதம் 48-இலிருந்து 62 விழுக்காடாக உயர்வதைக் காட்டியது. ட்ரோன் பறப்பதற்கு முன்பே தரையில் கைகள் ஆயத்தமாக இருந்தன என்பதற்கு இவை சான்று.

அவ்வாறு ஆயத்தமான நாட்டிலும் இடைவெளி எஞ்சியது. 2021-2022-இல் மேற்கு ஸ்வீடனில் நடந்த கள ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. ஆம்புலன்ஸ் நேரத்தோடு ஒப்பிடத்தக்கவாறு 55 முறை ட்ரோன் கருவியைச் சேர்த்தது. அவற்றுள் 37 முறை ஆம்புலன்ஸை முந்தியது. முந்திய நேரத்தின் இடைநிலை அளவு 3 நிமிடம் 14 விநாடி. அந்த 37-இல் மெய்யான இதயநிறுத்தங்கள் 18. அவற்றுள் அருகிலிருந்தவர் கருவியைப் பொருத்தியது 6 நிகழ்வுகளில் மட்டுமே. இருவருக்கு அதிர்வு கொடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் பிழைத்தார்.

எஞ்சிய 12 வாசல்களில் என்ன நிகழ்ந்தது? தனியாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பவர் கருவியை எடுக்க வெளியே செல்ல வேண்டுமெனில் அழுத்தத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குருதியோட்டம் நிற்கும். 1960-இல் பிறந்த 'இரண்டு கைகள்' என்னும் கொள்கை இங்கே முட்டுச்சந்தில் நிற்கிறது, ஏனெனில் கருவி வரும்போது நான்கு கைகள் தேவைப்படுகின்றன. முதலுதவி வகுப்புகள் இன்றும் பெரும்பாலும் ஒரு மனிதரும் ஒரு பொம்மையுமாகவே நடைபெறுகின்றன. இரண்டாமவரைக் கூவி அழைப்பதும், வாசலுக்கு ஒருவரை அனுப்புவதும் அங்கே ஒரு வரி அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. அந்தப் பன்னிரண்டு நிகழ்வுகளின் வரலாற்றை எழுத முற்படுபவருக்கு மருத்துவப் புள்ளிவிவரங்களைவிட, அழைத்தவருக்கும் அவசர அழைப்பு மையப் பணியாளருக்கும் இடையே அந்நிமிடங்களில் நிகழ்ந்த உரையாடலின் ஒலிப்பதிவுகளே முதன்மைச் சான்றுகளாக அமையும்.