உண்டியல் மட்டும் போதுமா?

பள்ளியில் சேமிப்பைக் கற்றுத்தருவது புதிய யோசனை அல்ல. 1885-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலேண்ட் சிட்டியில் ஜான் ஹென்றி தீரி என்பவர் பள்ளிச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். மாணவர்கள் கொண்டுவரும் சில்லறைக் காசு வங்கிக் கணக்கில் சேர்ந்தது. 1916-இல் அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கக் குழு ஒன்று, வரலாற்றையும் குடிமையியலையும் 'சமூக அறிவியல்' என்ற குடையின்கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது.

பிறகு வந்தது பொருளாதாரப் பெருமந்தம். 1930 முதல் 1933 வரை அங்கே சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. சிக்கனமாகச் சேர்த்தவர்களும் பணத்தை இழந்தார்கள். சேமித்தது அவர்கள் தவறா? இல்லையே! 1933-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, வைப்புத்தொகைக்குக் காப்பீடு அளித்தது.

சேமிப்பது நிதிப் பாடம். வங்கி ஏன் மூழ்கியது என்பது வரலாறு. காக்கும் சட்டம் எப்படி வந்தது என்பது குடிமையியல். மூன்றையும் ஒரே வகுப்பில் சொன்னால்தான் மாணவனுக்குப் பாடம் முழுமையாகும், அல்லவா?