விதானத்திற் பறவைகள், தரையில் மனிதர்

அண்ணாந்து பார்ப்பதற்கும் ஓய்வு வேண்டும். உழைத்துக் களைத்து வீடு திரும்பி உண்டு உறங்குவதற்கே பொழுது போதாதவன் தன் தலைக்கு மேலிருக்கும் கூரையைப்பற்றி நினைப்பது, அது ஒழுகும்போது மாத்திரமே. எனவே, வீட்டின் விதானத்தைச் சுதையால் அலங்கரிக்கும் வழக்கம் ஓய்வுடைய வர்க்கத்தின் வழக்கமாகத் தொடங்கியதில் வியப்பில்லை. ஆனால், அதே விதானத்தை மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவனும் உண்டு. சாரத்தின்மீது நின்று, கழுத்து நோக, கண்ணிற் சுண்ணாம்பு தெறிக்க, அதனை ஆக்கியவன் அவன். கலைவரலாறு முன்னவனுடைய பெயரைக் குறித்து வைத்தது. பின்னவனை, சிற்சில வேளைகளிலன்றி, மறந்துவிட்டது.

இவ்விருவருக்கும் அப்பால் மூன்றாமவன் ஒருவனும் இருக்கிறான். பிரபு வெளியேறிய பின்னர் அதே விதானத்தின்கீழ் வாடகைக்கு ஒதுங்கி, பசியோடு படுத்துக்கிடந்தவன் அவன். இம்மூவரையும் ஒரே கூரையின்கீழ்க் காணக்கூடிய நகரம் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின். ஆகவேதான் நாம் அந்நகரத்தின் வீடுகளை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் வேலையின் தன்மையை அறிந்துகொள்வோம். விதானத்தின் குறுக்குமரங்களின் அடியில், சிறு இடைவெளிவிட்டு, மெல்லிய மரச்சலாகைகளை ஆணியடித்து வரிசையாகப் பொருத்துவர். நீற்றிப் பல வாரங்கள் ஊறவைத்த சுண்ணாம்போடு மணலையும் மாட்டு மயிரையும் கலந்து முதற்பூச்சு இடுவர். சாந்து சலாகைகளின் இடைவெளியாற் பிதுங்கி, மறுபுறத்தே கொளுக்கிபோல வளைந்து இறுகும்; விதானம் முழுவதும் அந்தப் பிடியிலேதான் தொங்குகிறது. இரண்டாவது பூச்சு தளத்தைச் சமப்படுத்தும். மூன்றாவது, மெல்லிய வெண்பூச்சு.

சுவரும் விதானமும் கூடுமிடத்தில் ஓடும் கோர்னிஸ் என்னும் விளிம்பு வேலைக்குத் தனித்திறமை வேண்டும். வேண்டிய வடிவத்தை ஓர் உலோகத் தகட்டில் வெட்டி மரச்சட்டத்திற் பொருத்துவர். சுவரில் அறைந்த வழிமரத்தின்மீது அச்சட்டத்தை நகர்த்தி, ஈரச் சாந்தின்மேல் மீண்டும் மீண்டும் இழுப்பர். ஒவ்வோர் இழுப்பிலும் வடிவம் சிறிது சிறிதாகத் தெளியும். சுண்ணாம்பு தானாக இறுக நாட்கள் செல்லும். ஜிப்சம் கலந்தாலோ சில நிமிடங்களிற் கெட்டியாகிவிடும். ஆகையால் ஒருவன் கலக்க, ஒருவன் ஏந்த, ஒருவன் இழுக்க, மூவருடைய கைகளும் ஒரே தாளத்தில் இயங்கவேண்டும். அறையின் மூலையில் அச்சுத்தகடு திரும்பாது. அங்கே இரு பக்கத்து விளிம்புகளையும் வெறுங்கையாற் பொருத்தி முடிப்பதே வேலையாளனின் தேர்ச்சிக்குச் சோதனை.

இந்தக் கலை டப்ளினுக்குத் தானாக வந்ததன்று. சுவிற்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய மொழி வழங்கும் திச்சினோ மலைப்பிரதேசத்துக் கிராமங்கள் தம் மக்களுக்குச் சோறிடப் போதியனவல்ல. தலைமுறை தலைமுறையாக அங்குள்ள ஆண்கள் சுதைக்கரண்டியோடு ஐரோப்பாவெங்கும் வேலைதேடிச் சென்றனர். அவர்களுள் இருவரே பவுலோ லவ்றாங்கினி, பிலிப்போ லவ்றாங்கினி என்னும் சகோதரர். டப்ளினுக்கு அண்மையிலுள்ள கார்ற்றன் மாளிகையில், கில்டெயர் பிரபுவின் மண்டபத்து விதானத்தில், 1739ஆம் ஆண்டு அவர்கள் தேவர்களின் காதல் லீலைகளைச் சுதையில் வடித்தனர். அதற்குக் கொடுக்கப்பட்ட தொகை 501 பவுண்.

அந்தப் பவுண்கள் எங்கிருந்து வந்தன? பிரபு மண்ணைக் கிண்டியவரல்லர். குத்தகைக் குடியானவன் தானியத்தையும் கால்நடையையும் விற்று வாரம் செலுத்திவிட்டு, தான் உருளைக்கிழங்கை உண்டு வாழ்ந்தான். கார்ற்றன் விதானம் முடிந்த அதே 1739ஆம் ஆண்டின் இறுதியில் அயர்லாந்தைக் கடும் உறைபனி பீடித்தது. நிலத்திலிருந்த கிழங்கு அழுகியது. 1740ஆம், 1741ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலும் நோயிலும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. விதானத்திலிருந்த தேவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை.

நாம் இதைச் சொல்வது அந்தச் சுதைவேலையை இகழ்வதற்காகவன்று. அதன் அழகு மெய்யானது. அதன் விலையும் மெய்யானது. இரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்ளாத ரசனை அரைகுறை ரசனையாகும்.

லவ்றாங்கினி சகோதரரின் வேலையைக் கண்ட டப்ளின் தொழிலாளர் விரைவிலேயே தமக்கென ஒரு பாணியை வளர்த்துக்கொண்டனர். றொபேட் வெஸ்ற் என்பவர் 1750களில் லோவர் டொமினிக் வீதியிற் கட்டிய 20ஆம் இலக்க வீட்டின் மாடிப்படிக் கூடத்தில், சுவரிலிருந்து பறவைகள் கழுத்தை நீட்டி வெளியே எழுகின்றன. வார்த்து ஒட்டிய உருவங்களல்ல அவை. சாந்து ஈரமாயிருக்கும்போதே கையாற் பிசைந்து உருவாக்கப்பட்டவை. ஒரு பறவையைப்போல் மற்றொன்றில்லை. கோபுரத்திற் சுதையுருவங்களைக் கண்டு பழகிய நமது கண்ணுக்கு அந்தக் கைத்திறனின் அருமை எளிதிற் புலனாகும்.

அக்காலத்தில் இத்தொழில் செய்வோர்க்கு ஒரு சங்கமும் இருந்தது. செங்கல் அடுக்குவோரும் சாந்து பூசுவோரும் சேர்ந்த புனித பார்த்தலோமியோ சங்கம் 1670இல் அரசனின் பட்டயத்தைப் பெற்றது. ஆனால் நாட்டின் பெரும்பான்மையோராகிய கத்தோலிக்கருக்கு இத்தகைய சங்கங்களில் முழு உரிமை இருக்கவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை பணம் கட்டலாம், வேலை செய்யலாம், வாக்களிக்க இயலாது. 1793ஆம் ஆண்டுச் சட்டம் இக்கதவைத் திறந்ததாகச் சொன்னபோதிலும், நடைமுறையில் அது வெகுகாலம் அரைவாசி மூடியே கிடந்தது. டப்ளினின் மிகச் சிறந்த சுதைக் கலைஞருள் ஒருவராகிய மைக்கேல் ஸ்ரேப்பிள்ற்றன் ஒரு கத்தோலிக்கரே. 1786இல் முற்றுப்பெற்ற பெல்வெடியர் மாளிகை அவரது கைவண்ணம். பின்னர் யேசுசபையினர் அதனைப் பாடசாலையாக்கினர். ஜேம்ஸ் ஜோய்ஸ் அங்கு பயின்றவர். சுதையில் இருந்த வீனஸ் தேவி மாணவர்க்கு ஆகாதவள் என்று துறவிகள் அவளை அகற்றிவிட்டனர் என்பர்.

ஸ்ரேப்பிள்ற்றனின் காலத்தில் வேலையின் முறையும் மாறியது. வெஸ்ற்றின் பறவைகள் போய், அச்சில் வார்த்தெடுத்த மாலைகளும் பதக்கங்களும் வந்தன. ஒரே அச்சு பல வீடுகளுக்குப் பயன்பட்டது. பண்டம் மலிந்தது, கூடவே, தேர்ச்சி கையிலிருந்து அச்சுக்கு இடம்பெயரத் தொடங்கியது. அச்சு யாருக்குச் சொந்தமோ அவனுக்கே இனித் தொழிலும் சொந்தம். 1856இல் டெசாச்சி என்னும் பிரெஞ்சுக்காரர் துணியும் மரச்சட்டமும் கொண்டு வலுவூட்டிய வார்ப்புச் சுதைக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றபோது, இந்தப் போக்கு முழுமையடைந்தது. பட்டறையில் ஆக்குபவன் ஒருவன், வீட்டிற் பொருத்துபவன் வேறொருவன் என்றாயிற்று.

1801 ஜனவரி முதலாம் திகதி அயர்லாந்தின் பாராளுமன்றம் இலண்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளினில் ஆண்டுதோறும் வந்து தங்கிய பிரபுக்களுக்கும் உறுப்பினர்களுக்கும் இனி அங்கே அலுவலில்லை. மாளிகைகள் கைமாறின. அவற்றுக்கு என்ன நேர்ந்ததென்பதை ஒரு வீட்டின் கதையாலேயே விளக்கலாம்.

ஹென்ரியற்றா வீதி, லூக் கார்டினர் என்ற செல்வந்தர் 1720களின் பிற்பகுதியில் வகுத்த தெரு. அதன் 14ஆம் இலக்க வீடு 1740களின் பிற்பகுதியில் ஒரு பிரபுவின் குடும்பத்துக்கென எழுந்தது. பின்னர் 1845இல் தொடங்கிய மாபெரும் உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டையே சுடுகாடாக்கியது. குடியானவர் இறந்தும் கப்பலேறியும் போகவே, வாரம் வராத நிலப்பிரபுக்கள் பலர் கடனில் மூழ்கினர். அவர்களுடைய நிலங்களை விற்றுத் தீர்ப்பதற்கென 1849ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. 1850 முதல் பத்தாண்டுக் காலம் அந்நீதிமன்றம் நடந்தது இந்த 14ஆம் இலக்க வீட்டிலேயே! நில வாரத்தால் எழுந்த வீடு, நில வாரத்தின் வீழ்ச்சிக்குச் சாட்சியாக நின்றது. வரலாறு சிலவேளைகளிற் கதாசிரியரையும் வென்றுவிடுகிறது.

1870களில் அவ்வீடு வாடகைக் குடியிருப்பாக்கப்பட்டது. பெரிய மாடிப்படி பெயர்த்தெடுக்கப்பட்டது. அறைகள் பலகைச் சுவர்களாற் பிரிக்கப்பட்டன. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அந்த ஒரு வீட்டில் 17 குடும்பங்கள், 100 பேர், வாழ்ந்தனர். இதற்கிடையில், நகரத்தின் மேயராகவும் இருந்த ஜோசப் மீட் என்ற கட்டட முதலாளி அத்தெருவின் வீடுகள் பலவற்றை வாங்கி, சலவைக்கல் அடுப்படிகளைக் கழற்றி விற்றார். கழற்றக்கூடியவை யாவும் சென்றன. விதானத்தின் சுதை மட்டுமே எஞ்சியது. அதை எவரும் மதித்துப் பேணியதாலன்று. மரச்சலாகையை உள்ளே பற்றிக்கொண்டிருந்த சாந்தைப் பெயர்த்தால் அது தூளாகிவிடும், தூளுக்கு விலையில்லை. விற்கமுடியாமையே அதைக் காப்பாற்றியது.

இவ்வாறே ஏழைகள் சுதைப் பூமாலைகளின்கீழ் வாழ்ந்தனர். நடுவிற் பலகைச்சுவர் எழுந்ததால், விளிம்பு வேலை ஓர் அறையில் மூன்று பக்கம் ஓடி நான்காம் பக்கத்தில் மறைந்துபோகும். நிலக்கரிப் புகையில் இலைகள் கறுத்தன. முழு வீட்டுக்கும் முற்றத்தில் ஒரே தண்ணீர்க்குழாய் என்பது பல வீடுகளின் நிலை. 1914இல் வெளிவந்த விசாரணை அறிக்கை டப்ளினில் 25,822 குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தனவென்றும், அவற்றுள் 20,108 குடும்பங்களுக்கு ஒவ்வோர் அறையே உண்டென்றும் கணக்கிட்டது. அவ்வீடுகளுக்கு உரிமையாளராயிருந்தோருள் மாநகரசபை உறுப்பினர் சிலரும் இருந்தனர்.

அந்த விசாரணைக்குக் காரணமாயிருந்தது ஒரு மரணம். 1913இல் ஜேம்ஸ் லார்கினின் தொழிற்சங்கத்தை முறிப்பதற்கென முதலாளிமார் தொழிலாளரை வேலையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்த நேரம். செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு சேர்ச் வீதியில் இரு வாடகை வீடுகள் இடிந்து விழுந்தன. எழுவர் இறந்தனர். அவர்களுள் ஒருவன் கதவடைப்பில் வேலையிழந்த பதினேழு வயது இளைஞன். உடன்பிறந்தாரை வெளியே கொணர்ந்தபின் சின்னஞ்சிறு தங்கைக்காக மீண்டும் உள்ளே சென்றவன், திரும்பவில்லை. வீட்டுப் பிரச்சினையும் கூலிப் பிரச்சினையும் வேறுவேறானவை என்று வாதிப்போர்க்கு அந்த இளைஞனே விடை.

சுதந்திரம் வந்த பின்னரும் அத்துயரம் உடனே தீரவில்லை. 1963 ஜூன் மாதத்தில் டப்ளினில் மீண்டும் பழைய வீடுகள் இடிந்தன. முதியோர் இருவரும், தெருவழியே சென்ற சிறுமியர் இருவரும் பலியாயினர். இதன்பின் அபாயமானவையென்று பல வீடுகள் விரைவாக இடிக்கப்பட்டன. மக்களைக் காப்பதற்கு அது வேண்டியிருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் வேறொன்றும் நடந்தது. நகரநிலத்தின் விலையை நோக்கிய கட்டடக் கம்பனிகள், உறுதியாக நின்ற வீடுகளையும் இடித்து அலுவலகங்களை எழுப்பின. இவற்றை எதிர்த்து 1969 டிசெம்பரில் மாணவர்கள் ஹியூம் வீதியின் வீடுகளிற் புகுந்து, ஆறு மாதங்கள் குடியிருந்து போராடினர். அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் அவர்களைப் பிரபுக்களின் வால்பிடிப்போர் என்ற பொருள்பட ஏளனம் செய்தார். இவை ஆங்கிலேய ஆட்சியின் சின்னங்கள், அழிந்தாலென்ன என்பதே அத்தரப்பின் வாதம்.

அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாட்டவராகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. அதற்கு நாம் கூறும் மறுமொழி இதுதான்: வீட்டைக் கட்டுவித்தவன் மாத்திரமே அதன் சொந்தக்காரனென்று கொள்வது, பிரபுவின் கணக்கை நாமும் ஒப்புக்கொள்வதாகும். விதானத்திற் பறவையைப் பறக்கவிட்டவன் பிரபுவல்லன், வாக்குரிமையற்ற வேலையாள். அதற்குக் கூலி தந்ததும் பிரபுவின் உழைப்பன்று. கிழங்குண்ட குடியானவனின் உழைப்பு. அதன்கீழ் நூறாண்டு வாழ்ந்து, பிள்ளைபெற்று, வேலைநிறுத்தம் செய்தவரும் ஏழைகளே. அவர்களுக்கில்லாத உரிமை வேறெவருக்கு? இதை உணர்ந்தவருள் ஒருவர் யூன்சன் மக்கோவன். பிரபுக்களை நேசித்தவரல்லர் அவர்; அயர்லாந்துக் குடியரசு இயக்கத்தின் பழைய போராளி. கட்டடக் கலைஞராகிய அவரே 1970களில் ஹென்ரியற்றா வீதி வீடுகள் சிலவற்றை வாங்கி அழிவினின்று காத்தார்.

14ஆம் இலக்க வீட்டின் கடைசி வாடகைக்காரர் 1970களின் இறுதியில் வெளியேறினர். மாநகரசபை அதைப் பழுதுபார்த்து 2018இல் நூதனசாலையாகத் திறந்தது. பிரபுவின் அறையும் ஏழையின் அறையும் அங்கே ஒருங்கே காட்டப்படுகின்றன. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டவில்லை. அதுவே நேர்மையான வரலாறு.

இன்று எந்நாட்டிலும் நடுத்தர வீட்டினரும் விதான அலங்காரம் வாங்கலாம். பிளாஸ்ரிக் நுரையில் வார்த்த விளிம்புகளைப் பசையிட்டு ஒரே நாளில் ஒட்டிவிட்டுச் செல்கிறார்கள். அதைக் கண்டு பழம்பெருமை பேசிப் பெருமூச்செறிவது நமது நோக்கமன்று. அழகு பலர்க்கும் எட்டுவது நன்றே. ஆனால் அந்த மூலைப்பொருத்து மட்டும் இன்றும் இயந்திரத்துக்கு முழுமையாக அடங்கவில்லை. இரண்டு சுவர்களும் ஒருபோதும் செவ்வையாக நிற்பதில்லை. ஒரு மனிதன் ஏணியேறி, அண்ணாந்து, கண்ணால் அளந்து, கையால் இழைத்தே அதை முடிக்கவேண்டியிருக்கிறது. அடுத்தமுறை ஓர் அழகிய விதானத்தை அண்ணாந்து பார்க்கும் நண்பர்கள், நடுவிலுள்ள பூவைப் பார்த்தபின் மூலையையும் பார்ப்பார்களாக. அங்கேதான் அந்த மனிதனின் கையொப்பம் இருக்கிறது.