பிளாக் ஆரோ

பிளாக் ஆரோ, சிறு செயற்கைக்கோள்களைப் புவியின் சுற்றுவட்டப் பாதையில் சேர்ப்பதற்காகப் பிரிட்டன் உருவாக்கிய மூன்றடுக்கு ராக்கெட். கீழ் இரண்டு அடுக்குகள் திரவ எரிபொருளாலும் மேலடுக்கு திட எரிபொருளாலும் இயங்கின. உயரம் சுமார் 13 மீட்டர். எடை ஏறத்தாழ 18 டன். ஆஸ்திரேலியாவின் வூமேரா தளத்திலிருந்து நான்கு முறை ஏவப்பட்டு, நான்காவது முறை, 1971 அக்டோபர் 28 அன்று, 66 கிலோ எடையுள்ள பிராஸ்பெரோ செயற்கைக்கோளைப் பாதையில் சேர்த்தது. அதற்கு மூன்று மாதம் முன்னரே, ஜூலை 29 அன்று, லண்டன் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஃபிரெடெரிக் கோர்ஃபீல்டு திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்துவிட்டார். ராக்கெட் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டதால் அந்த ஓர் ஏவலுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

இதன் முன்னோடி பிளாக் நைட். புளூ ஸ்ட்ரீக் ஏவுகணையின் முனைப்பகுதி வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைவதை ஆராய்வதற்காக அது 1958 முதல் 1965 வரை 22 முறை ஏவப்பட்டது. அந்த அனுபவத்தை வைத்து 1964இல் பிளாக் ஆரோ திட்டமிடப்பட்டது; அவ்வாண்டுத் தேர்தலில் வென்ற தொழிற்கட்சி அரசு செலவைக் காட்டி நிறுத்திவைத்து, பிறகு சுருங்கிய வடிவில் தொடரவிட்டது. ராக்கெட் வைட் தீவின் காவ்ஸ் நகரிலும், எஞ்சின் கோவென்ட்ரி அருகே ஆன்ஸ்டியிலும் தயாராயின. தீவின் மேற்கு முனையில், நீடில்ஸ் பாறைகளுக்கு மேலுள்ள ஹை டவுனில் நிலச்சோதனைகள் நடந்தன.

காமா எனப்பட்ட எஞ்சின் தனித்துச் சொல்லத் தக்கது. மண்ணெண்ணெயை எரிக்க அது திரவ ஆக்சிஜனை நாடவில்லை. சுமார் 85 விழுக்காடு செறிவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தியது. வெள்ளி பூசிய வலைகளின் வழியே செல்லும்போது பெராக்சைடு சூடான நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். தீமூட்டும் கருவியே வேண்டாம். வெளியேறும் வாயுவில் பெரும்பகுதி நீராவி என்பதால் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. எட்டு எரியறைகள் இரண்டிரண்டாக அசைந்து முதலடுக்கைத் திருப்பின. உச்சியில் சிவப்பு மூடி இருந்ததால் இதற்கு 'லிப்ஸ்டிக் ராக்கெட்' என்ற செல்லப்பெயரும் உண்டு.

நான்கில் இரண்டு ஏவல்கள் தவறியதைக் காட்டி இதைப் பொறியியல் தோல்வி என்பாருண்டு. 1969 ஜூனில் முதல் ஏவலில் ஒரு சோடி அறைகள் மின்கோளாறால் முன்னும் பின்னும் ஆட, ராக்கெட் தடுமாறித் தரையிலிருந்து வந்த கட்டளையால் அழிக்கப்பட்டது. 1970 செப்டம்பரில் இரண்டாம் அடுக்கில் ஏற்பட்ட கசிவால் எஞ்சின் முன்கூட்டியே அணைந்தது. ஆர்பா என்ற செயற்கைக்கோள் பாதையை எட்டவில்லை. இரண்டும் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்ட பிழைகள். ஜப்பானின் லாம்டா ராக்கெட் நான்கு முறை தவறிய பிறகே 1970 பிப்ரவரியில் வென்றது. எனவே பிளாக் ஆரோவை நிறுத்தியது தொழில்நுட்பம் அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கு பொய்யும் அல்ல. அமெரிக்காவின் ஸ்கவுட் ராக்கெட்டில் இடம் வாங்குவது மலிவு என்றது அரசு. பிளாக் ஆரோவுக்கென வைத்திருந்த மிராண்டா செயற்கைக்கோள் 1974 மார்ச்சில் ஸ்கவுட்டிலேயே சென்றது. அமெரிக்கர் முதலில் இலவசமாக ஏவித் தருவதாகச் சொல்லி, திட்டம் கைவிடப்பட்டதும் பின்வாங்கினர் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது; அதை உறுதியான செய்தியாகக் கொள்வதற்கில்லை. ஆனால் ஓர் ஏவலின் விலை, எத்தனை ஏவல் என்பதைப் பொறுத்தது. 28 மாதத்தில் நான்கே ஏவல் என்று பணத்தை அளந்து கொடுத்த அரசே, ஏவல் ஒவ்வொன்றும் விலை கூடியது என்று குறை சொன்னது. அன்று சிறு செயற்கைக்கோளுக்கு ஆளில்லை, தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன என்ற மறுப்பே வலுவானது. 1971ஐ மட்டும் பார்த்தால் அதற்குப் பதில் இல்லை. எனினும் சிறிய ராக்கெட்டை முடிவாகப் பார்ப்பதா, படிக்கட்டாகப் பார்ப்பதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிளாக் ஆரோவால் தாழ்பாதைக்கு சுமார் 135 கிலோ கொண்டுசெல்ல முடியும். இந்தியாவின் எஸ்.எல்.வி-3, 1980 ஜூலையில் ஏற்றிச் சென்ற ரோகிணியோ 35 கிலோதான். அதற்கு முந்தைய ஆண்டு அதன் முதல் ஏவலும் தோற்றிருந்தது. அதை மலிவு விலையோடு ஒப்பிட்டு யாரும் மூடிவிடவில்லை. அதன் வழியில் வந்த பி.எஸ்.எல்.வி., 2015 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிரிட்டனின் ஐந்து செயற்கைக்கோள்களைச் சுமந்தது. பிரிட்டனுக்கு நட்பு நாட்டின் ராக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, இந்தியாவுக்கு அப்படி இல்லை என்பது நியாயமான வேறுபாடு; அது முடிவை விளக்குகிறது, சரியென்று ஆக்கவில்லை.

ஏவப்படாத கடைசி ராக்கெட் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. பிராஸ்பெரோவை ஏவிய முதலடுக்கின் சிதைவுகள் 2019இல் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. 2023 ஜனவரியில் கார்ன்வாலிலிருந்து விமானம் வழியே நடந்த ஏவல் தோற்றது. அந்த ராக்கெட்டும் அமெரிக்கத் தயாரிப்பு. பிரிட்டன் தன் சொந்த ராக்கெட்டால் பாதையில் சேர்த்த செயற்கைக்கோள் பிராஸ்பெரோ ஒன்றே.