ஹெட் கேஸ்கட் கசிவு

கார் என்ஜினின் சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு பழுதாகி, எரிந்த வாயு, கூலன்ட், ஆயில் ஆகியவை ஒன்றோடொன்று கலக்கும் கோளாறு. என்ஜின் அளவுமீறிச் சூடாவதற்கு இது காரணமாகவும் விளைவாகவும் அமையும். வெளியே சொட்டாமலே கூலன்ட் குறைவது முதன்மை அறிகுறி. ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் கசிவில்லை என்று உறுதிசெய்த பின்னரே இதைச் சந்தேகிப்பது முறை. சைலன்சரில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை, ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறப் பசை, ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள் ஆகியவையும் தென்படலாம். ரேடியேட்டர் வாயிலெழும் ஆவியை நீலச் சோதனைத் திரவத்தினூடே செலுத்துவது நம்பகமான சோதனை. பெட்ரோல் என்ஜினில் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் பொருத்திய என்ஜின்களில் தகடு கூடுதலாக நைகிறது. ஹெட் வளைந்திருந்தால் கேஸ்கட்டை மட்டும் மாற்றுவது பயன்தராது.