ஐயாற்றிற் கண்ட கயிலை

திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று அப்பர் பெருமானுக்கு இறைவன் கயிலைக்காட்சி அருளிய திருவிழா நிகழ்கின்றது. அவ்வரலாற்றைச் சிந்திக்கப் புகுமுன், ஒரு விழாவில் அடியேன் அதனைப் பேசி முடித்தபோது ஓர் அம்மையார் கேட்ட வினாவை முதலிற் சொல்லிவிடுகின்றேன். கணவரை இழந்து ஆறு திங்களே ஆகியிருந்தன அவருக்கு. "ஐயா, ஆணும் பெண்ணுமாய் வந்த உயிர்களைக் கண்டு அப்பர் மகிழ்ந்தார் என்கின்றீர்கள். எனக்கோ, கூரையில் இரண்டு புறா சேர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு வெடிக்கின்றதே" என்றார். அப்போது அடியேனுக்கு விடை எழவில்லை. "அம்மா, பெருமானையே கேட்டுச் சொல்கின்றேன்" என்று கூறி விடைபெற்றேன். அதன்பின் நான்காம் திருமுறையை மீண்டும் எடுத்து ஓதியபோது கிடைத்த சிந்தனையே இன்றைய சொற்பொழிவு.

நாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டினர். திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் தோன்றியவர், இயற்பெயர் மருள்நீக்கியார். சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தார். அவ்வூர்ச் சமணப்பள்ளி தொன்மையானது, கி.பி. 458-இல் 'லோகவிபாகம்' என்னும் சமண நூல் அங்கே எழுதப்பெற்றதென்பர். அவரைத் துன்புறுத்திப் பின்பு சைவம் சார்ந்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டில் அவனுக்குரிய குணபரன் என்னும் விருதுப்பெயர் காணப்படுகின்றது. சேக்கிழார் பெருமான் கூறும் 'குணபரவீச்சரம்' என்ற கோயிற்பெயர் இதனோடு பொருந்துகின்றது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அஃதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டில், பெரியபுராணம் இவ்வரலாற்றை விரித்துரைத்தது.

நான்காம் திருமுறையின் முதல் மூன்று பதிகங்களை வரிசையாக வைத்துக் காணுங்கள். அவை அவர் வாழ்வின் வெவ்வேறு காலங்களில் எழுந்தவை. பண்முறையால் தொகுக்கப்பெற்ற திருமுறையில் அவை அடுத்தடுத்து நிற்பது திருவருளே எனலாம்.

முதற்பதிகம் சூலைநோயின் பதிகம். குடரைத் துடக்கி முடக்கிய வலியோடு திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியார் கையால் திருநீறு பெற்று, திருக்கோயில் புகுந்து பாடியது. அதில் வலி மறைக்கப்படவில்லை, முறையீடாகவே ஒலிக்கின்றது. ஆயினும் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கெடில நதியின் பெயர் வருகின்றது. தாங்கொணாத் துன்பத்திலும், இறைவனை அழைக்கும்போது அவன் உறையும் ஆற்றையும் சேர்த்தே அழைக்கின்றார். கண்ணை மூடிக்கொண்டு நோயை மட்டும் நோக்கியிருந்தவருக்கு, நோய்க்கு வெளியே ஓர் ஆறு ஓடுவது புலப்பட்டது. துயர் நீங்கும் முதற்படி இதுவே.

இரண்டாம் பதிகம், அவரைக் கொல்ல மன்னன் ஏவிய மதயானை எதிரே வந்தபோது பாடியதென்று பெரியபுராணம் கூறுகின்றது. அங்கும் கெடிலம் வருகின்றது. ஆனால் இப்போது அது ஊரின் அடையாளமாக மட்டும் வரவில்லை. திருநீறு, பாம்பு, மதி முதலியவற்றோடு அந்த நீரும் இறைவனுடைய உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. இவையெல்லாம் உடையவனுக்கு நாம் உரியவர் எனில், நாம் எதற்கு அஞ்சவேண்டும் என்பது அப்பதிகத்தின் கருத்து. இதற்கு முன்னரே நீற்றறையில் ஏழு நாள் இருந்தபோதும், வீணையொலி, மாலைநிலவு, இளங்காற்று, இளவேனில், வண்டு முரலும் பொய்கை ஆகிய ஐந்தையும் நினைந்தே ஈசன் திருவடி நிழலைப் பாடினார். அறையில் இருந்ததோ வெப்பம். முன்பு உணர்ந்து நெஞ்சில் சேமித்து வைத்த குளிர்ச்சியே அங்கு அவருக்குத் துணையாயிற்று. நலமாக இருக்கும் நாளில் நிலவைப் பாராதவனுக்கு, நீற்றறையில் நினைக்க நிலவு ஏது?

மூன்றாம் பதிகமே ஐயாற்றுப் பதிகம். முதுமையில் கயிலை காண விரும்பித் திருக்காளத்தி, திருப்பருப்பதம், காசி கடந்து வடக்கே சென்றார். பாதம் தேய்ந்தது, கைகளால் தவழ்ந்தார், கைகளும் தேய, மார்பினால் உந்தினார், அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். முனிவர் வடிவில் வந்த இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கியவர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எழுந்தவர் கண்முன் நின்றவை களிறும் பிடியும், கோழியும் பேடையும், குயில், மயில், அன்றில், நாரை, கிளி, இறுதியில் ஏறும் பசுவும். உலகம் அழகென்று கொண்டாடாத பன்றிக்கும் அங்கே ஒரு பாட்டு உண்டு. அனைத்தையும் சிவமும் சத்தியுமாகவே கண்டார். கயிலைக்குப் போக முடியாதவரிடம் கயிலையே வந்தது. காவிரிக்கரைப் பறவையாகவும் விலங்காகவும் வந்தது.

அன்பர்களே, அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது யானை! ஒரு காலத்தில் உயிரைப் பறிக்க வந்த அதே விலங்கு, இப்போது அம்மையப்பராய் எதிரே வருகின்றது. நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என எட்டும் இறைவன் திருமேனி என்பது நம் சமயக் கொள்கை. அக்கொள்கை அவருக்கு ஏட்டளவில் நில்லாது காட்சியாகவே பழுத்த இடம் திருவையாறு. இராசராசன் தேவியாகிய உலகமாதேவியார் எடுப்பித்த உலகமாதேவீச்சுரம் அங்கே வடகயிலாயம் என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது.

இனி அம்மையாரின் வினாவுக்கு வருவோம். இணையைப் பார்த்தால் இழப்பு நினைவுக்கு வருகின்றதே என்றார் அல்லவா? இவ்வரலாற்றிலேயே அவ்விழப்பை அறிந்த ஒருவர் இருக்கின்றார். அவர் திலகவதியார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரில் மாண்டார், பெற்றோரும் மறைந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பி பொருட்டு உயிர் தரித்தார். அந்நாள் தொட்டு அவர் மங்கலநாண் தாங்கவில்லை, எல்லா உயிர்கள்மீதும் அருளைத் தாங்கினார் என்று சேக்கிழார் கூறுகின்றார். ஒருவர்மேல் வைத்த அன்பு, அவர் போனபின் வற்றிப்போகாமல் பல்லுயிர்க்கும் பாய்ந்தது. திருநீறு தந்த கை அந்தக் கை. தமக்கையார் துயரத்தில் விதைத்ததையே தம்பியார் ஐயாற்றில் அறுவடை செய்தார் என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் அவ்வம்மையாரைக் கண்டு இதனைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "புறாக்களை விரட்டிக்கொண்டிருந்தேன் ஐயா. இனி விரட்டவில்லை" என்றார். மறு ஆண்டும் வந்தார். "முற்றத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கின்றேன். அழுகை நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அழுது முடித்தபின் அந்தப் பதிகம் வாயில் வருகின்றது" என்றார்.

நோய்க்கு மருந்து உண்ணுங்கள், மருத்துவரை நாடுங்கள். அதனோடு, விடியற்காலையில் கோயிலுக்கு வரும் வழியில் கண்ணைத் திறந்து நடந்து வாருங்கள். ஆறு தெரிந்தால் அது அவன் இருக்குமிடம். சற்று நின்றால் அது அவன் உடைமை. இன்னும் நின்றால் அதுவே அவன். கயிலை தொலைவில் இல்லை.

திருச்சிற்றம்பலம்.